ஆய்வேட்டோடு நிரலையும் கேட்டு வாங்குங்கள்

மண்டபம், தொண்டி, கீழக்கரை வட்டாரத்தில் கடல்சார் ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர்களின் கணக்கீட்டு வேலைகளை அருகிலிருந்து பார்த்து வருபவன் என்ற முறையில், நெறியாளர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஆய்வேட்டை வாங்கும்போது, அதிலுள்ள எண்களை உருவாக்கிய கணினி நிரலையும் கேட்டு வாங்கி, ஒரு முறையாவது மாணவரை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படியுங்கள்.

ஃபார்மலினில் போட்ட மீனுக்குப் பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டு இல்லையென்றால் அதை நாம் மாதிரியாகவே ஏற்பதில்லை. ஆனால் அதே மீன்களின் சராசரியைக் கணக்கிட்ட ஆர் (R) அல்லது பைத்தான் நிரல்மொழிக் கோப்பு, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘புது ஃபைனல்’ என்ற பெயர்களில் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் கிடக்கிறது. அவருக்கு வேலை கிடைத்ததும் அதுவும் அவரோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

“நாங்கள் விலங்கியல் படித்தவர்கள், ஐ.டி. ஆட்கள் அல்ல” என்ற பதில் உடனே வரும். நான் சொல்லும் பிழைகளை ஐ.டி. ஆட்களால் பிடிக்கவே முடியாது என்பதுதான் விஷயம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் முன்பு ஏப்ரல் 15 முதல் 45 நாட்கள். 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். மூத்த மாணவர் எழுதிய பழைய நிரலின் நடுவில் 45 என்ற எண் பெயரோ விளக்கமோ இல்லாமல் உட்கார்ந்திருக்க, அதை நகலெடுத்த இளையவர் 2019ஆம் ஆண்டுத் தரவை அதில் ஓட்டினால், படகுகள் கரையில் கட்டிக் கிடந்த 16 நாட்கள் தொழிலுக்குப் போன நாட்களாகக் கணக்கில் ஏறி, ஒரு நாள் சராசரிப் பிடிப்பு குறைந்துவிடும். நிரல் எந்த எச்சரிக்கையும் காட்டாது, வரைபடம் அழகாகவே வரும், மீன்வளம் சரிகிறது என்று முடிவுரையும் எழுதப்பட்டுவிடும். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு போவதை மறந்து வாரப் பிடிப்பை ஏழால் வகுத்தாலும் இதே கதிதான். பாம்பனில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரிந்த செய்தி இது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்கக் கட்டமைப்பு உயிரியலாளர் ஜெஃப்ரி சாங், சயின்ஸ் இதழில் வந்த தம் மூன்று கட்டுரைகளை 2006இல் திரும்பப் பெற நேர்ந்தது. ஆய்வகத்தில் புழங்கிய ஒரு நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்ததே காரணம்.

தீர்வுக்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். தடைக்கால நாட்கள் போன்ற எண்களை நிரலின் தொடக்கத்திலேயே பெயரிட்டு, ஆண்டுவாரியாக எழுத வேண்டும். மீன் இறங்குதளத்தில் எடுத்த மூலத் தரவைக் கையால் திருத்தவே கூடாது. ஒருவர் பாம்பனை ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ போட்டும் இன்னொருவர் இரண்டு ‘ஏ’ போட்டும் எழுதியிருந்தால், அந்தத் திருத்தமும் நிரலுக்குள்தான் நடக்க வேண்டும், இல்லையேல் ஓர் ஊர் இரண்டு ஊராகிவிடும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்ய கிட் (Git) என்ற மென்பொருளைப் பழகுவது நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், ஒரு மாதத் தரவைத் தாளில் கையால் கணக்கிட்டு, நிரலும் அதே விடையைத் தருகிறதா என்று பார்ப்பதைத்தான் முதலில் வைப்பேன்; கிட் பிறகு வரட்டும்.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் நிரலை, ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஸெனோடோ (Zenodo) என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றிவிடலாம். நிலையான அடையாள எண் கிடைக்கும், அடுத்து வரும் மாணவர் அதை மேற்கோள் காட்டியே பயன்படுத்தலாம். யாராவது குறை கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தயங்கும் மாணவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை நெறியாளர்தான் போக்க வேண்டும், அதுவும் முதலாண்டிலேயே.