சால்வை போதும், புத்தகத்தை வாங்குங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு விழா. அம்மாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரைக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். விசைத்தறி ஓட்டுகிறவர். இரவு ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். பத்தரைக்கு வாசிக்க வேண்டியவரை, சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று உட்கார வைத்து, ஒன்றேகாலுக்குத்தான் மேடையேற்றினார்கள். நான்காவது வரியில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது: சீக்கிரம் முடிக்கவும். அண்ணன் அதைப் படித்தார், நோட்டை மூடினார், வணக்கம் சொன்னார். உடனே தோளில் ஒரு சால்வை, ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

திரும்பும்போது என் வண்டியில்தான் வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். சால்வையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க இழை அறுந்திருக்கு பாரு தம்பி" என்றார். அப்புறம் மெதுவாக, "மீதிப் பன்னெண்டு வரி வாசிக்காமயே போச்சு" என்றார்.

அதே விழாவில் பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் கொடுத்தார்கள். கொடுக்கத்தான் வேண்டும். கவிஞருக்கு மட்டும் பஸ் காசு கூடக் கிடையாது. கேட்டால், கவிஞன் காசுக்கு ஆசைப்படலாமா என்பார்கள்.

சேர்வராயன் மலைக்கு வடக்கே தகடூர் இருக்கிறது, இன்றைய தருமபுரி. 1965 வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதை ஆண்ட அதியமானைத் தேடிக் குன்றும் மலையும் பல கடந்து வந்தார் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். அதியமான் நேரில் பார்க்காமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்', என்னைப் பார்க்காமலே தந்த பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்று புலவர் மறுத்துவிட்டார். புறநானூறு 208. என் தகுதி அறிந்து தந்தால் தினையளவு போதும் என்கிறார். வறுமையைப் பல பாட்டில் பாடிய மனிதர் அவர். வீட்டில் பசி இருக்கும்போது வந்த பரிசை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நிமிர்வு வேண்டும்! அந்த நிமிர்வைத்தான் நாம் ஒரு துண்டுச் சீட்டில் மடக்கிவிடுகிறோம்.

இதே ஊர் கவிஞருக்கு வேலை கொடுத்த ஊர். ஏற்காடு சாலையில், சினிமா எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. கண்ணதாசனும் மருதகாசியும் அங்கே எழுதிச் சம்பாதித்தார்கள். பாட்டு எழுதுவது ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அன்றைய சேலம் மாவட்டத்து மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையை 1949-ல் அரசவைக் கவிஞராக்கினார்கள். தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு இன்று நாமக்கல் கவிஞர் மாளிகை என்றுதான் பெயர்.

எல்லோருக்கும் மாளிகை கேட்கவில்லை. கூப்பிட்டால் வாசிக்க விடுங்கள். போக்குவரத்துச் செலவோடு ஒரு தொகையும் கொடுங்கள். சால்வைக்கு ஆகும் காசில் அவருடைய புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, மேடையில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள்.

அண்ணன் ஏலச்சீட்டு எடுத்து ஐந்நூறு பிரதி அச்சடித்தார். முந்நூறு கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நேற்று இரவு போய்ப் பத்துப் பிரதி வாங்கினேன். அப்படியே அந்தப் பன்னிரண்டு வரியையும் கேட்டேன். தறிக்கூடத்து வாசலில் நின்று வாசித்தார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்ததால், கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் வாசித்தார்.