எல்லாருக்கும் ஒரே புத்தாண்டா?

யுகாதி வந்தா போதும், குடும்ப குரூப்ல "இதுதான் உண்மையான இந்துப் புத்தாண்டு, ஜனவரி 1 வெள்ளைக்காரனோடது"ன்னு ஒரே மெசேஜை நாலு பேர் போட்டிருப்பாங்க. பண்டிகை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, பெங்களூர்ல இருக்கேன், பக்கத்து வீட்டு ஒப்பட்டு, அதாவது போளி, வருஷா வருஷம் தவறாம வந்துடும். அந்த "உண்மையான"தான் எரிச்சல்.

சரி, எது அந்த உண்மையான ஒண்ணு? நிலாக் கணக்குல சைத்ர மாச வளர்பிறைப் பிரதமைல கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானாவுக்கு யுகாதி, மராட்டியர்களுக்கு குடி பாட்வா, காஷ்மீர் பண்டிட்களுக்கு நவ்ரே. குஜராத்திகளும் நிலாக் கணக்குதான், ஆனா அவங்க வருஷம் பொறக்கறது தீபாவளிய ஒட்டி. வடக்க இன்னும் வேடிக்கை, அங்க மாசம் பௌர்ணமியோட முடியும், அதனால ஹோலி முடிஞ்சதும் சைத்ரம் வந்துடும், வருஷம் மட்டும் பதினஞ்சு நாள் கழிச்சு மாசத்துக்கு நடுவுல பொறக்கும். நாம, மலையாளிங்க, பஞ்சாபிங்க, வங்காளிங்க எல்லாம் சூரியக் கணக்கு. இதுல எதை போலின்னு சொல்றது?

நிலாக் கணக்குல வருஷத்துக்கு சுமார் 354 நாள்தான். 11 நாள் குறையுது, அப்படியே விட்டா யுகாதி நகர்ந்து நகர்ந்து மார்கழிக் குளிர்ல வந்து நிக்கும், அப்ப யுகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூவுக்கு எங்க போறது? அதான் ரெண்டரை மூணு வருஷத்துக்கு ஒருக்கா "அதிக மாசம்"னு கூடுதலா ஒரு மாசம் சேர்க்கறாங்க. 2025ல மார்ச் 30, 2026ல மார்ச் 19, 2026ல அதிக ஜேஷ்டம்னு ஒரு மாசம் சேர்றதால 2027ல ஏப்ரல் 7. நிலாவையும் விடாம வேப்பமரத்தையும் விடாம ஓட்டற இந்தக் கணக்குக்கு முன்னாடி பச்சடியோட ஆறு சுவைத் தத்துவமெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். அந்த ஆறும் ஆந்திரா பக்கம்தான், கர்நாடகால பேவு பெல்ல, அதாவது வேம்பும் வெல்லமும், அவ்ளோதான். மராட்டியத்துல மூங்கில் கம்புல பட்டுத்துணி கட்டி, வேப்பிலை, சர்க்கரை மாலை எல்லாம் போட்டு, மேல சொம்பைக் கவுத்து வாசல்ல நிறுத்துவாங்க. காஷ்மீர்ல முதல்நாள் ராத்திரியே தட்டுல அரிசி, வால்நட், பேனா, உப்பு எல்லாம் வெச்சு, விடிஞ்சதும் அதுலதான் முழிப்பாங்க, நம்ம கனி மாதிரியே.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தெலுங்குக்காரங்களோட பஞ்சாங்க சிரவணம். கோயில்ல உக்கார வெச்சு ராசி ராசியா ஆதாயம் (வரவு) இத்தனை, வியயம் (செலவு) இத்தனை, ராஜபூஜ்யம் (மரியாதை) இத்தனை, அவமானம் இத்தனைன்னு நம்பராவே வாசிப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா, ஊர் முன்னாடி, உனக்கு இந்த வருஷம் அவமானம் ஆறுன்னு சொல்லிட்டு பிரசாதத்தைக் கையில குடுக்கற தைரியம் யாருக்கு வரும்? எனக்கு ஜோசியத்துல துளி நம்பிக்கை இல்ல, ஆனாலும் "எல்லா வளமும் பெற்று"ன்னு பொத்தாம்பொதுவா வாழ்த்தறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஹொசதொடக்கு. யுகாதிக்கு மறுநாள் பழைய மைசூர் பக்கம், பெங்களூர்ல, நிறைய வீட்டுல ஆட்டுக்கறி. முதல் நாள் ஒப்பட்டு, ரெண்டாம் நாள் மட்டன், ரெண்டும் சேர்ந்ததுதான் அவங்களுக்கு புது வருஷம். புனிதம் பேசற ஒரு மெசேஜ்லயும் இது இருக்காது. வாங்கணும்னா விடிகாலைலயே கடைக்குப் போயிடுங்க, லைன் தெருமுனை தாண்டி நிக்கும், அன்னிக்கின்னு போய் எலும்பில்லாம குடுங்கன்னு கேட்டா கடைக்காரர் மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டாரு.