உலகப் பொது மார்க்கமும் ஒரு முழம் மல்லிகையும்

போன வாரக் கல்யாணத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுப் பெண் தலையில் பூ வைத்திருந்தாள், நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். அதற்காக மாப்பிள்ளை வீட்டுச் சபைப் பிரசங்கியார் மைக்கைப் பிடித்துப் பிடித்த பிடியில் பிள்ளையின் முகம் செத்துப்போனது. ‘நம்முடையது உலகத்துக்கே பொதுவான மார்க்கம், இதில் ஊர்ப் பழக்கத்துக்கு இடமில்லை’யாம்.

சரி ஐயா. மே மாத வெயிலில் கோட்டு மாட்டி, டையை இறுக்கிக் கட்டி, வழியும் வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசினீர்களே, அந்தக் கோட்டு எந்த வசனத்தில் வருகிறது? கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளை கவுன் என்பது 1840இல் விக்டோரியா ராணி போட்ட பிறகு பரவிய மோஸ்தர். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மன்காரர்கள் வீட்டு வழக்கம். நாம் அதில் பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி என்கிறோம். இதெல்லாம் மார்க்கம். ஒரு முழம் மல்லிகை மட்டும் ஊர்ப் பழக்கம்!

எந்த மதமும் அந்தரத்தில் நிற்பதில்லை. ஏதோ ஓர் ஊர் மண்ணில்தான் நிற்கிறது. ‘பொது’ என்று நம் கையில் திணிப்பது எவனோ ஒருவனுடைய ஊர்ப் பழக்கத்தைத்தான்.

இது பழைய சண்டை. மதுரைப் பக்கம் வேலை செய்த சேசு சபைப் பாதிரிமார், ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விட்டுவிட்டார்கள். நம் ஆட்களுக்கு எச்சில் என்றால் எவ்வளவு அருவருப்பு என்று பார்த்தவர்கள் அவர்கள். 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, எச்சில் வைத்தே ஆக வேண்டும், தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது என்று ஆணை போட்டார். ரோமாபுரி எச்சில் உலகப் பொது, நம் தாலி அஞ்ஞானம்!

என் அப்பாயி காவிச் சேலை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போவாள். அங்கே போய் ஜெபம் சொல்வாள் என்றா நினைக்கிறீர்கள்? மாதாவோடு சண்டை பிடிப்பாள். ‘ஏண்டியம்மா, மூணு வருசமாக் கேக்குறேன், காது அடைச்சுப்போச்சா ஒனக்கு?’ தினமும் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லாமல் படுக்காதவள். அவளை அஞ்ஞானி என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

‘இஸ்லாத்தைப் பார், எங்கும் ஒரே வேதம், ஒரே தொழுகை’ என்று ஒரு நண்பர் வருவார். வரட்டும். கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கோயில் பாணிக் கல்தூண்களைப் பார்த்துவிட்டு வரட்டும். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டிலேயே நெல் வயலைக் காட்டுகிறார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவரோடு பேச ஒன்றுமில்லை.

‘அப்படியென்றால் சாதியும் ஊர்ப் பழக்கம்தானே, அதையும் வைத்துக்கொள்வாயா?’ என்று கேட்பீர்கள். யாரிடம் கேட்கிறீர்கள்? தேர் வராத தெருக்காரனிடமா? 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைப் பாதிரியார் தெ நோபிலி பூணூலும் காவியுமாகப் பிராமணர்களோடு பழகினார். அப்புறம் எங்கள் ஆட்களுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள் என்ற பாதிரிமாரை வைத்தார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? பூவை எடு, பொட்டை அழி என்று மைக்கில் கத்துகிறவர் எவரும் சாதியை எடு என்று கத்துவதில்லை. அதே கோட்டுக்காரர் சபையிலும் வரன் பார்க்கும்போது முதலில் விசாரிப்பது என்ன? ஞானஸ்நானம் எடுத்த தேதியையா?

பட்டியல் சாதிகள் எவை என்று சொல்லும் 1950 ஆணையைக் காட்டி, கிறிஸ்தவன் என்றால் பட்டியல் சாதி இல்லை என்கிறது அரசாங்கம். சீக்கியரை 1956இல் சேர்த்தார்கள், பௌத்தரை 1990இல் சேர்த்தார்கள். எங்களுக்கு பி.சி. என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள், உங்கள் மதத்தில்தான் சாதி கிடையாதே என்று. அப்பாவைப் புதைக்க இடம் கேட்டு நின்றபோது பங்குச் சாமியார் என் முகத்தைப் பார்க்காமல், கல்லறைத் தோட்டச் சுவருக்கு ‘அந்தப் பக்கம்’ என்று கை காட்டினார். அவர் ரோமில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர்.