ஆஷ்லி பார்ட்டியின் இன்னொரு கோப்பை

2017 மலேசியப் பொது டென்னிஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டியின் ஒற்றையர் பட்டத்தோடு நிறுத்திவிட்டீர்களே! அதே வாரம், அதே கோலாலம்பூரில், சக ஆஸ்திரேலிய வீராங்கனை கேசி டெலாகுவாவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் அவர் வென்றார். அதுவும் ஒற்றையரில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்தவர். அது விடுபட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இரட்டையர் என்ன லேசான ஆட்டமா? இந்த மாதிரித் தொடர்களில் 40-40 என்று சமமானால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவது செட் கிடையாது, வெற்றியைத் தீர்மானிப்பது 10 புள்ளி டைபிரேக்தான். மூச்சு விட நேரமிருக்காது.

பூப்பந்தில் (பேட்மிண்டன்) மலேசிய மகளிர் இரட்டையரான பேர்லி டான், தீனா முரளிதரன் இணை ஆடினால் எங்கள் வீட்டில் யாரும் டிவியை விட்டு நகர மாட்டோம். சரி, டென்னிஸ் இரட்டையருக்கும் அடுத்த முறை நாலு வரி ஒதுக்குங்கள்.