திறமை தானாக மேலே வராது, ஐயா

போன வாரம் பாலக்காட்டு எல்லையில் நம் ஊர்த் திருவிழா மேடையில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் அதை முழுவதும் விவரிக்கப் போவதில்லை. நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்தில் வண்ணானும் வண்ணாத்தியும் வந்து, சோத்தியக்காரர் தம் கேள்விகளைத் தொடங்கி, பாட்டுக்காரரான அந்தப் பெரியவர் தமிழும் மலையாளமும் கலந்த ஓர் அடியை இரண்டாம் முறை எடுத்தபோது மைக்கை நிறுத்தினார்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் கானமேளாக் குழுவின் வண்டி வந்துவிட்டதாம். அவர் கொஞ்ச நேரம் மைக் இல்லாமலேயே பாடிப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அப்போது எனக்கு வருத்தம்தான் இருந்தது. கோபம் மறுநாள் வந்தது, விழாக் குழுவுக்குப் பரிந்துகொண்டு ஒருவர் எழுதியதைப் படித்தபோது: "திறமை இருந்தால் தானாக மேலே வந்திருப்பார்."

வராது, ஐயா. திறமை தானாக எங்கும் வராது. யாராவது கேட்க வேண்டும், கேட்டவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும், மைக்கை நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

இந்தப் பாலக்காட்டு மண்ணிலேயே சான்று தேடலாம். 1923இல் மஞ்ஞப்ராவில் பிறந்த கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதன், டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, கலாக்ஷேத்திராவில் பலருக்குக் கற்பித்து, 'வரததாசன்' என்னும் முத்திரையுடன் தாமே கீர்த்தனைகளும் இயற்றியவர். அடிவயிற்றிலிருந்து எழும் அந்தக் கனத்த குரலில் அவர் சஹானா ராகத்தை எடுத்தால் அடுத்த சுரத்துக்குப் போக அவருக்கும் அவசரம் இருக்காது, கேட்கும் நமக்கும் இருக்காது. 1974இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது கிடைக்காமலேயே 1984இல் மறைந்தார். அவருக்குத் திறமை போதவில்லை என்று இப்போது யாராவது எழுதுங்கள், பார்க்கலாம்.

"அவர் மிகவும் மெதுவாகப் பாடுவார், அதனால் கூட்டம் வரவில்லை" என்பார்கள். சரி, மெதுவாகத்தான் பாடுவார். மேற்கொண்டு அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"இவர் சினிமாப் பாட்டை இழிவு செய்கிறார், கானமேளா என்றால் இவருக்கு இளப்பம்" என்று இன்னொரு கூட்டம் வரும் என்பதும் தெரியும். அவர்களுக்கு நான் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குற்றச்சாட்டு என்னைச் சுடுகிறது. பின்னணிப் பாடகி சுவர்ணலதா நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் பிறந்தவர். 1987இல் மெல்லிசை மன்னரின் இசையில் ஒரு தாலாட்டோடு தமிழுக்கு வந்தவர். 'மாலையில் யாரோ மனதோடு பேச' பாடிய அதே தொண்டைதான் 'முக்காலா முக்காபுலா'வையும் பாடியது. 'போறாளே பொன்னுத்தாயி'க்குத் தேசிய விருதும் வாங்கியது. அந்தப் பாட்டில் அழுகையைத் தொண்டைக்குள்ளேயே நிறுத்தி, ஒரு சொல்கூட உடையாமல் அவர் கொண்டுபோவதைத் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். 2010இல், 37 வயதில் அவர் இறந்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் செய்தியைச் சொன்னேன். "யார், அந்தச் சின்னத்தம்பிப் பாட்டா?" என்று ஒருவர் கேட்டார். பாட்டு எல்லார் வாயிலும் இருந்தது, பாடியவர் பெயர் ஒருவர் வாயிலும் இல்லை. போன வாரக் கானமேளாவிலும் அவர் பாட்டைப் பாடினார்கள். அவர் இந்த வட்டத்துக்காரர் என்று மேடையில் ஒரு வார்த்தை உண்டா? எனக்குச் சினிமாப் பாட்டின் மேல் இளப்பமாம்!

எனக்கு இதெல்லாம் புத்தகம் படித்து வந்த ஞானம் அன்று. மாணவப் பருவத்தில் என் தாய்மாமன் என்னைப் பாரதப்புழைக் கரையில் ஒரு பகவதி கோயிலுக்குத் தோல்பாவைக்கூத்துப் பார்க்க அழைத்துப் போனார். கூத்துக்கென்றே கட்டிய மேடையான கூத்துமாடத்தின் நீளத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்குகள் எரிந்தன. திரைக்கு முன்னால் நானும், பாயை விரித்த உடனேயே உறங்கிப்போன மாமாவும், கடலை வண்டிக்காரரும் மட்டும் இருந்தோம். தாரிகன் என்னும் அசுரனோடு போரிடப் போனதால் இராம-இராவணப் போரைக் காண முடியாத பத்ரகாளிக்காக இந்தக் கூத்தை நடத்துவது என்பதால் ஆள் இல்லை என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. நான் திரையைச் சுற்றிப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. பாவை ஆட்டும் கலைஞரான புலவர் ஒரு கையால் பாவையைத் திரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்பனின் விருத்தத்தைப் பாடுகிறார்; பாடி முடித்ததும் அதற்குப் பொருள் சொல்லி விரிக்கிறார்; எதிரே நிற்பவர் எதிர்க்கேள்வி போடுகிறார். கேரளத்துக் கோயிலில், நள்ளிரவுக்கு மேல், கேட்க ஆளில்லாமல் கம்பன். தமிழ்நாட்டில் கம்பன் விழாக்களில் பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன, நல்லது. இந்தப் புலவர்களின் பெயரை அங்கே ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவரின் பெயரையாவது தெரிந்தவர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், அவரை நேரில் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

"நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்ததே, அப்புறம் என்ன?" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைத்தது, 2022இல். அட்டப்பாடியின் இருளர் பெண்மணி தம் மொழியில் பாடிய பாட்டு அதற்கு முன் அந்த மலையில் பாடப்படாமலா இருந்தது? சினிமாக்காரர் ஒருவர் ஏறிப் போய்க் கேட்டார், அதனால் கீழே வந்தது. நான் சொல்வதும் அதைத்தான். விருது அறிவித்த கையோடு, சாதாரணப் பாட்டொன்றைச் சுருதி சேர்த்துப் பாட அவரால் முடியுமா என்று ஒரு புலம்பல் எழுந்ததையும் மறந்துவிடாதீர்கள். மேலே வராதபோது திறமை இல்லை என்பார்கள். வந்துவிட்டால் சுருதி இல்லை என்பார்கள். பல பின்னணிப் பாடகர்கள் அவருக்காகப் பேசினார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

கலாமண்டலம் ஹைதரலியை எடுத்துக்கொள்ளுங்கள். கதகளிப் பதம் பாடுவதில் அவருக்கு இணையாகச் சிலரைத்தான் சொல்ல முடியும். இசுலாமியர் உள்ளே வரக்கூடாது என்பதால் ஒரு கோயிலில் மதிலின் ஒரு பகுதியை இடித்து, மேடையை வெளியே நீட்டி, மதிலுக்கு வெளியே நின்று அவரைப் பாட வைத்தார்கள். திறமை தானாக மேலே வரும் என்கிறவர் அந்த மதில் தானாக இடிந்தது என்றும் சொல்வாரோ என்னவோ.

விழாக் குழுவின் செலவும் கூட்டக் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும், கானமேளா இல்லையென்றால் இளைஞர்கள் வரமாட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒரு மனிதரை அடியின் நடுவில் நிறுத்த வேண்டுமா? அந்த அடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று இந்த எல்லையில் வாழ்கிற நாம் மேற்கே போனால், தமிழரை ஏளனமாக அழைக்கும் சொல்லில், பாண்டி; கிழக்கே போனால் மலையாளத்தான். நம் பாட்டுக்காரர்களின் கதியும் அதுவே. பொறாட்டில் தமிழ் கலந்திருக்கிறது என்று அந்தப் பக்கம் முகம் சுளிப்பார்கள், மலையாளம் கலந்திருக்கிறது என்று இந்தப் பக்கம் ஒதுக்குவார்கள். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விசுவநாதனையும் சித்தூரில் பிறந்த பி.லீலாவையும் சென்னைக்குப் போய்ப் பெயர் வாங்கிய பிறகு "எங்கள் ஊர்க்காரர்" என்று சொல்ல நமக்கு நாக்கு கூசவில்லை. போகாமல் இங்கேயே இருந்துவிட்ட ஒருவரை நாமே பாதியில் இறக்குகிறோம். அவர்கள் ஒதுக்கினார்கள், இவர்கள் ஒதுக்கினார்கள் என்று இனி எந்த வாயால் புகார் சொல்வது?

பின்னூட்டம் எழுதுகிறவர்கள், நீங்கள் நேரில் கேட்ட, அதிகம் பேர் அறியாத ஒரு பாடகரின் பெயரையும் எங்கே கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். கர்நாடக சங்கீதமா, கானமேளாவா, புள்ளுவன் பாட்டா, எதுவானாலும் சரி. "அருமையான பதிவு" என்று மட்டும் எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.