ஒரே மேடை புதிதல்ல

ப்ளூஸ், ஜாஸ் இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகைகள். இவற்றை ஒரே அரங்கில் சேர்க்கும் ஓர் இசை விழாவைப் பற்றி நான் படித்த கட்டுரை, இது புது முயற்சி என்கிறது. அப்படி இல்லை. 1938 டிசம்பர் 23 அன்றே நியூயார்க் கார்னகி ஹாலில் இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் இதைச் செய்துவிட்டார். கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழு, ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே, ப்ளூஸ் பாடகர் பிக் ஜோ டர்னர், மவுத் ஆர்கனோடு ப்ளூஸ்காரர் சானி டெர்ரி, எல்லாரும் ஒரே ராத்திரியில். ஹேமண்ட் மேடையேற்ற நினைத்திருந்த ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோயிருந்தார், வயது 27. ஹேமண்ட் அவருடைய இசைத்தட்டுகளைச் சபை முன் ஓடவிட்டார். பாடகர் இல்லை, குரலும் கிதாரும் மட்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இரண்டும் இப்படி ஒட்டிக்கொள்ள முக்கியக் காரணம் ப்ளூஸின் 12 பார் அமைப்பு. பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று; அப்படி 12 சுற்றில் ஒரு பாட்டுப் பத்தி முடியும். ஒரு வரி, திரும்ப அதே வரி, மூன்றாவதில் பதில். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கிதார் பேசும். அதே 12 பாரைச் சுற்றிச் சுற்றி வந்து சாக்ஸபோன்காரர் கற்பனையை விரித்தால் ஜாஸ். பேஸி குழுவின் புகழ்பெற்ற உருப்படிகள் பல இந்த வகைதான்.

அதனால் விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்கள் வந்து உட்காரும் நேரத்தில் ப்ளூஸ்காரர்களைப் பாடவைத்துவிடாதீர்கள். கடைசி உருப்படிக்கு இரண்டு தரப்பையும் சேர்த்து நிறுத்துங்கள். அப்புறம், ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். சின்ன அரங்கில் டிரம்மைப் பிரஷ்ஷால் தேய்க்கும் ஒலிகூடக் கேட்க வேண்டும்.