‘என்னால் முடியவில்லை’ என்று ஒத்துக்கொள்வது கோழைத்தனமா? பரவும் தகவல் தவறு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் ‘குடிக்கு முன்னால் நான் சக்தியற்றவன்’ என்று சொல்ல வைக்கிறார்கள். அது கோழைத்தனம். வைராக்கியம் இருந்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம்."

இரண்டுமே தவறு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பு, குடியிலிருந்து மீள வைத்திருக்கும் 12 படிகளில் ‘நான் சக்தியற்றவன்’ என்பது முதல் படி மட்டும்தான். மீதி 11 படிகளில் தன் குறைகளை எழுதிப் பார்ப்பது, தன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது என்று வேலை நிறைய இருக்கிறது. கைவிட்டவனுக்கு எதற்கு இத்தனை பாடு? அறுவடைக் கூலி வாங்கிய கையோடு "ஒரு குவார்ட்டர் மட்டும்" என்று கிளம்புகிறவர், அந்த ஒன்றோடு நிற்க முடியவில்லை என்று ஒத்துக்கொண்டால்தான் உதவி கேட்பார்.

‘ஒரே நாளில்’ என்பதுதான் பெரிய ஆபத்து. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். கோயிலில் கயிறு கட்டுங்கள், தப்பில்லை. கூடவே டாக்டரையும் பாருங்கள்.

12 படிகளும் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே இருக்கின்றன. மற்ற சந்தேகங்களை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.